நீங்கள் நேரில் பறக்கும் தட்டைப் பார்த்ததுண்டா? வேற்றுக்கிரகத்தில் உயிர்கள் இருக்கிறதா?

வானத்தில் இன்னதென்று சொல்ல முடியாத ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அது வேற்றுக்கிரக வாகனம் என்று நினைக்கவில்லை. ஆனால் பூமிக்கு வெளியே எங்கோ உயிர் இருக்கும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. நீங்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் பிரித்தே பதில் சொல்கிறேன்.

முதலில், பார்த்தது. இரவு வானம் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு சாதாரண பைனாகுலர், மொபைலில் வான வரைபடம் காட்டும் ஒரு செயலி, அவ்வளவுதான் என்னிடம் இருப்பது. ஓர் இரவில் மல்லாந்து படுத்திருந்தபோது தலைக்கு மேலே, விண்மீன் எதுவும் இல்லாத இடத்தில், ஒரு புள்ளி மங்கலாகத் தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாகி, அப்படியே அணைந்தும் போனது. ஓரிரு விநாடிதான். நகரவில்லை, வால் இல்லை, சத்தம் இல்லை. செயலியில் பார்த்தேன், அந்த நேரத்தில் அந்த இடத்தில் எந்தச் செயற்கைக்கோளும் இல்லை.

இரண்டு சாத்தியங்கள் உண்டு. செயலிழந்து உருண்டுகொண்டிருக்கும் ஏதோ செயற்கைக்கோளின் அல்லது ராக்கெட் பாகத்தின் தட்டையான பக்கத்தில் வெயில் பட்டு ஒரு கணம் பளிச்சிட்டிருக்கலாம். (செயலிகள் எல்லாக் குப்பையையும் காட்டுவதில்லை.) அல்லது நேராக என்னை நோக்கி வந்த எரிகல்லாக இருந்திருக்கலாம். பக்கவாட்டில் போகும் எரிகல்தான் கோடு கிழிக்கும். நேர் எதிரே வருவது ஒரே இடத்தில் பூத்து அணையும். இரண்டில் எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆக, அது அடையாளம் தெரியாத ஒன்றுதான், அப்படியே இருக்கட்டும். 'தெரியவில்லை' என்பதற்குப் பக்கத்தில் 'அதனால் ஏலியன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அடையாளம் தெரிந்தவை இதைவிடச் சுவாரசியமானவை. விண்வெளி நிலையம் கடந்துபோவதைப் பார்த்திருக்கிறீர்களா? சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பளீரென்ற ஒரு வெள்ளை ஒளி சத்தமே இல்லாமல் வரும். நடுவானில் வந்துகொண்டிருக்கும்போதே, மேகம் எதுவும் இல்லாமல், காணாமல் போகும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது, அவ்வளவுதான். விஷயம் தெரியாதவர் பார்த்தால் 'கண்ணெதிரே மறைந்தது' என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. 2019 மே மாதம், இணைய வசதி தரும் ஸ்டார்லிங்க் திட்டத்தின் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்கள் போனபோது, வரிசையாகப் போகும் ஒளிப் புள்ளிகளைப் பார்த்துப் பல நாடுகளில் மக்கள் மிரண்டார்கள். இன்றும் ஒவ்வொரு தொகுதி ஏவப்படும்போதும் சில நாட்களுக்கு அந்த அணிவகுப்பு தெரியும். அதே கேள்வியும் வரும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது அந்தி நேர ராக்கெட். தரையில் இருட்டிவிட்டது, ராக்கெட் போகும் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கிறது. காற்று மெலிந்த அந்த உயரத்தில் புகை பிரம்மாண்டமாக விரியும். அதில் வெயில் பட்டதும் பாதி வானத்துக்கு நீலமும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று மிதக்கும். 2009 டிசம்பரில் நார்வேயின் வடபகுதி வானத்தில் கச்சிதமான ஒரு சுருள் வடிவம் தோன்றியது. படத்தைப் பார்த்த யாருக்கும் அது இயற்கை என்றோ மனிதர் வேலை என்றோ தோன்றாது. கோளாறாகிச் சுழன்ற ரஷ்யாவின் புலாவா ஏவுகணை அது. இப்போதெல்லாம் ஃபால்கன் 9 ராக்கெட்டின் மேல் பாகம் சுழன்றுகொண்டே மிச்ச எரிபொருளை வெளியேற்றும்போது அதே மாதிரிச் சுருள் அடிக்கடி தெரிகிறது.

சாட்சிகள் பொய் சொல்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெரும்பாலானவர்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். சிக்கல் கண்ணில் இருக்கிறது. இரவு வானத்தில் ஒற்றை ஒளிப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனிதக் கண்ணால் சொல்ல முடியாது. தூரம் தெரியாவிட்டால் அளவு தெரியாது, வேகமும் தெரியாது. நூறு மீட்டரில் பறக்கும் சின்ன ட்ரோனும் பத்து கிலோமீட்டரில் போகும் விமானமும் நூறு கிலோமீட்டரில் எரியும் கல்லும் ஒரே மாதிரிப் புள்ளியாகத் தெரியலாம். ஆகவே 'பிரம்மாண்டமாக இருந்தது, ஒலியைவிடப் பத்து மடங்கு வேகத்தில் போனது' என்று யாராவது சொல்லும்போது, பார்த்ததோடு மூளை போட்ட கணக்கையும் சேர்த்தே சொல்கிறார்கள். அந்தக் கணக்கின் முதல் எண்ணே ஊகம். பைலட்டுகளும் இதற்கு விலக்கில்லை.

அப்புறம் கண்ணே ஒளியை நகர்த்தும். சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது அசையாத ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால் சற்று நேரத்தில் அது அலைய ஆரம்பிக்கும். உளவியலில் நன்கு தெரிந்த விஷயம் இது. ஒருமுறை கூட வந்த நண்பன் அடிவானத்தில் இருந்த சிரியஸ் விண்மீனைக் காட்டி, "டேய், அது இந்தப் பக்கம் வருதுடா, கலர் கலரா லைட் போடுது" என்றான். கலர் உண்மைதான், அடிவானத்தில் தடித்த காற்றுப் படலம் வழியாக வரும்போது அந்த ஒளி சிவப்பு, பச்சை, நீலம் என்று சிதறித் துடிக்கும். ஒரு கம்பத்தின் முனையோடு அதைப் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். நகர்வது நின்றுவிட்டது. அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

சரி, அரசுகள் மறைப்பதாகச் சொல்கிறார்களே? மறைத்திருக்கிறார்கள். 1947இல் அமெரிக்காவின் ராஸ்வெல் அருகே விழுந்த, பறக்கும் தட்டு என்று பலர் இன்றும் நம்பும் பொருளைச் சாதாரண வானிலை பலூன் என்று சொன்னது முழு உண்மை இல்லை. சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை வெகு உயரத்திலிருந்து ஒட்டுக்கேட்க விட்ட மோகுல் என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் தொகுதி அது என்று அமெரிக்க விமானப்படை 1994இல்தான் அறிக்கை வெளியிட்டது. ரகசியம் இருந்தது, பொய் இருந்தது; அதற்குள் ஏலியன்தான் இல்லை. இன்னொரு பக்கம், அவசர விளக்கங்களும் நம்பிக்கையைக் கெடுத்திருக்கின்றன. 1966இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பலர் பார்த்த ஒளிகளுக்குச் சதுப்பு நில வாயு காரணமாக இருக்கலாம் என்றார் விமானப்படையின் ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக். நாடே சிரித்தது. அவரே பின்னாளில் இதைத் தீவிரமாக ஆராய வேண்டும் என்று வாதாடும் பக்கம் போய்விட்டார்.

1947 முதல் 1969 வரை அந்த விமானப்படை சேர்த்தவை 12,618 புகார்கள். அவற்றில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. இந்த 701ஐத்தான் இன்றுவரை ஆதாரமாக நீட்டுகிறார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது: போதுமான தகவல் இல்லாத எந்தக் கோப்புக் குவியலிலும் இப்படி ஒரு மிச்சம் இருக்கும். 2021இல் வந்த அமெரிக்க உளவுத்துறை அறிக்கையில் 144 சம்பவங்கள்; உறுதியாக அடையாளம் காணப்பட்டது ஒன்றே ஒன்று, காற்றிறங்கிய ஒரு பெரிய பலூன். மற்றவற்றுக்குத் தரவு போதவில்லை. 2023இல் நாசா அமைத்த குழுவும் இதையே சொன்னது: வேற்றுக்கிரகத் தொடர்புக்கு ஆதாரம் இல்லை, இருக்கும் தரவு தரமில்லை.

தரவு நன்றாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் செல்யாபின்ஸ்க் இருக்கிறது. 2013 பிப்ரவரி 15ஆம் தேதி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சுமார் 20 மீட்டர் அகலமுள்ள ஒரு விண்கல் அந்த ரஷ்ய நகரத்தின் மேல் வெடித்தது. சில விநாடிகள்தான். ஆனால் கார்களில் இருந்த கேமராக்கள் பல கோணங்களில் பதிவு செய்திருந்தன. அதை வைத்து அது வந்த பாதை, வேகம், சூரியனைச் சுற்றிய சுற்றுப்பாதை வரை கணக்கிட்டார்கள். ஏரியிலிருந்து துண்டையும் எடுத்தார்கள். பல கோணப் பதிவு கிடைத்த மர்மங்கள் மர்மமாக நீடிப்பதில்லை. மங்கலான ஒற்றை வீடியோக்கள்தான் காலாகாலத்துக்கும் நீடிக்கின்றன.

அதனால் நீங்கள் ஏதாவது பார்த்தால், ஜூம் செய்யாதீர்கள். மரமோ கட்டடமோ படத்தில் வரட்டும். நேரம், திசை குறித்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி முஷ்டியை வைத்தால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று பாருங்கள். முடிந்தால் தொலைவில் இருக்கும் இன்னொருவரைப் போனில் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. நம் சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலில் கண்டுபிடித்தது 1995இல். முப்பது வருடத்தில் அந்த எண்ணிக்கை 6,000ஐத் தொட்டுவிட்டது. தேடியதோ நம் பால்வழி மண்டலத்தின் ஒரு சின்ன மூலையில். மொத்தத்தில் இங்கே குறைந்தது பத்தாயிரம் கோடி விண்மீன்கள். இடத்துக்குப் பஞ்சமில்லை. மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து 2023இல் கொண்டுவந்த மண்ணில், நம் உடல் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றின் எழுத்துகளான ஐந்து வேதிப்பொருள்களும் இருந்தன. உயிரின் சமையல் பொருள்கள் பாறைகளில் சும்மா மிதந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் பொருள் இருப்பது வேறு, சமையல் நடப்பது வேறு. அது எவ்வளவு எளிதில் நடக்கும் என்பதற்கு நம்மிடம் பூமி என்ற ஒரே உதாரணம்தான். அந்த உதாரணம் சொல்வது இது: சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நுண்ணுயிர்கள் வந்துவிட்டன. விலங்குகள் வந்தது கடைசி 60 கோடி ஆண்டுகளுக்குள். நாம் ரேடியோ அலை அனுப்பத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. ஆகவே பூமிக்கு வெளியே உயிர் என்றால் என் மனதில் வருவது பச்சை நிற மனிதன் இல்லை, பாறை இடுக்கில் படிந்த பாசி மாதிரி ஏதோ ஒன்று. அறிவுள்ள உயிர் அரிதாக இருக்கலாம். இருந்தாலும் நம் காலத்தோடு அதன் காலம் ஒத்துப்போக வேண்டும்.

தூரமும் இருக்கிறது. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரியின் தூரத்தைக் கடக்க சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும். அதைக் கடந்து வரத் தெரிந்த ஒருவர், இங்கே வந்து ஒரு மங்கலான வீடியோவில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போவார் என்பது எனக்கு நம்பும்படி இல்லை.

செய்தி வரும்போது அது தொலைக்காட்சியில் 'பிரேக்கிங்' போடும்படி வராது என்பது என் ஊகம். ஒரு வேதிப்பொருளின் தடம் என்று வரும், பத்து வருடம் சண்டை நடக்கும். இப்போதே நடக்கிறது. கே2-18பி என்ற தொலைதூரக் கோளின் காற்றில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு வாயுவின் சாயல் தெரிகிறது என்று 2025இல் ஒரு குழு சொன்னது. அதே தரவைப் பார்த்த வேறு குழுக்கள் அதற்குப் போதிய சான்று இல்லை என்றன. இந்த எச்சரிக்கை தேவைதான். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் வருடக்கணக்காகப் புதிராக வந்துகொண்டிருந்த ஒரு வகைத் துடிப்புகள், அங்கிருந்த மைக்ரோவேவ் அடுப்பை நேரம் முடியுமுன் யாரோ திறந்ததால் வந்தவை என்று 2015இல் தெரியவந்தது.

நான் எதிர்பார்த்துக் காத்திருப்பது நம் சூரியக் குடும்பத்துக்குள்ளேயே. சனியின் துணைக்கோள் என்செலடஸ், வெறும் 500 கிலோமீட்டர் விட்டம், தன் பனி ஓட்டின் விரிசல்கள் வழியாக உள்ளே உள்ள கடலின் நீரை விண்வெளியில் பீய்ச்சுகிறது. வியாழனின் துணைக்கோள் யூரோப்பாவிலும் பனிக்கு அடியில் கடல் இருக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030இல் வியாழனை அடையும். அது உயிரைக் கண்டுபிடிக்கப் போகும் கலம் இல்லை. அந்தக் கடலில் உயிர் வாழ முடியுமா என்று பார்க்கப் போகிறது. முடியும் என்று வந்தால், அடுத்து இறங்கிப் பார்க்க ஒரு கலம் அனுப்பியே ஆக வேண்டும்.