முதலில் சாவது யார்?

அறிவியல் புனைவுத் தொடர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பல தொடர்களின் முடிவுகளும் திருப்பங்களும் இதில் உடைபடும். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

விளம்பரப் படத்தில் எல்லா நிறத்தவரும் வரிசையாக நிற்கிறார்கள். சீசன் முடிவதற்குள் கறுப்பினத்தவர், ஆசியர், தன்பாலீர்ப்பாளர் என்று ஒவ்வொருவராகச் சாகிறார்கள். திட்டமிட்டுத்தான் செய்கிறார்களா?
– சேலம் வாசகர்

திட்டம் தேவையே இல்லை, நடிகர் பட்டியல் போதும். அமெரிக்கத் தொடர்களில் நடிகர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் உண்டு. முதல் மூன்று நான்கு எண்களில் இருப்பவர்கள்தான் தொடரின் முதுகெலும்பு. அவர்களைக் கொன்றால் அடுத்த சீசன் இல்லை. எழுத்தாளர் அறையில் 'இந்த சீசனில் ஒரு பெரிய சாவு வேண்டும்' என்று முடிவானதும் எல்லோரும் ஐந்தாம் எண்ணுக்குக் கீழேதான் தேடுவார்கள். பார்வையாளருக்கு வலிக்க வேண்டும், கதையும் நின்றுவிடக் கூடாது. அதற்குத் தோதான ஆட்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

பன்முகத்தன்மை என்று பெருமைப்படும் பல தொடர்கள் அந்தப் பன்முகத்தையும் ஐந்தாம் எண்ணுக்குக் கீழேதான் வைக்கின்றன. நாயகனும் நாயகியும் முதலில் ஒப்பந்தமாகிவிடுகிறார்கள். மற்றவர்களைத் தேடும்போதுதான் 'கொஞ்சம் வண்ணம் சேர்ப்போம்' என்ற பேச்சு எழுகிறது. சாவுக்கு ஒதுக்கிய இடமும் பன்முகத்துக்கு ஒதுக்கிய இடமும் ஒன்றாகிவிடுகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே அந்த விளைவு வந்து சேரும்.

ஆகவே, ஒரு தொடரைப் பற்றி நான் முதலில் பார்ப்பது யார் செத்தார்கள் என்பதை அல்ல, யார் எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்பதை.

எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? எப்படி எண்ணுவது?
– நாகர்கோவில் வாசகி

எண்ணலாம். ஆனால் செத்தவர்களை மட்டும் எண்ணினால் ஏமாறுவீர்கள். மொத்தம் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதே கணக்கு. விமான விபத்தில் ஒரு தீவில் சிக்கியவர்களின் கதையான 'லாஸ்ட்' தொடரை எடுத்துக்கொள்வோம். 2004 செப்டம்பரில் தொடங்கியபோது முதல் சீசனின் முதன்மை நடிகர்கள் 14 பேர். அதில் வெள்ளையர் அல்லாத பாத்திரங்கள் 6: சயீத், ஹர்லி, மைக்கேல், வால்ட், ஜின், சுன். மீதி 8 பேர் வெள்ளையர்.

2010இல் தொடர் முடிவதற்குள் அந்த 6 பேரில் 4 பேர் இறந்தார்கள். அந்த 8 பேரில் ஜாக், லாக், சார்லி, பூன், ஷானன் என்று 5 பேர் இறந்தார்கள். விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். 'பார்த்தீர்களா, பாகுபாடு இல்லை' என்று ஒருவர் இதைக் காட்டி வாதாடலாம்.

கணக்கை அங்கே நிறுத்தக் கூடாது. எப்படிச் செத்தார்கள் என்று அடுத்த பத்தியை எழுதுங்கள். ஜாக்கின் சாவுக்கு இறுதி எபிசோட் முழுவதும் ஒதுக்கப்பட்டது; தொடரே அவர் கண் மூடுவதோடுதான் முடிகிறது. 2010 மே 4 அன்று வந்த 'தி கேண்டிடேட்' எபிசோடில், நீர்மூழ்கிக் கப்பலுக்குள் சயீத் வெடிகுண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சாகிறார். சில நிமிடங்களில் ஜின்னும் சுன்னும் மூழ்குகிறார்கள். ஆறு ஆண்டுகள் கூட வந்த மூன்று பேர் ஒரே எபிசோடில் காலி. அதே கப்பலில் இருந்த வெள்ளை விமானி லாபிடஸ் மீது கதவு பெயர்ந்து விழுகிறது, தண்ணீர் பாய்கிறது. ஆனால் கடைசி எபிசோடில் கடலில் மிதந்தபடி உயிரோடு வருகிறார்!

இரண்டாவது சீசனில் புதிதாகச் சேர்ந்த ஏகோ, அனா லூசியா, லிபி மூவரும் மூன்றாவது சீசனின் தொடக்கத்துக்குள் போய்விட்டார்கள். இவர்களை முதல் 14 பேரோடு சேர்த்து எண்ணினால் ஒரு விடை, தனியாக எண்ணினால் வேறு விடை. எனவே சீசன் வாரியாகப் பிரித்து எண்ணுங்கள். நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: தீவின் காவலராக முடிவில் பொறுப்பேற்பது ஹர்லிதான்.

மொத்தத்தில் உங்கள் தாளில் ஐந்து கட்டங்கள் இருந்தால் போதும். தலைப்பில் பெயர் வரும் முதன்மை நடிகரா, அவ்வப்போது வருபவரா? எந்த சீசனில் சேர்ந்தார், எதில் போனார்? யார், எதற்காகக் கொன்றார்? அந்தச் சாவைப் பற்றிப் பிறகு எத்தனை எபிசோடுகளில் பேசினார்கள்? அதே சமூகத்தைச் சேர்ந்த இன்னொருவர் தொடரில் மிஞ்சினாரா? கடைசி இரண்டு கட்டங்கள்தான் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும்.

சிவப்புச் சட்டை போட்டவன் செத்துவிடுவான் என்பது 'ஸ்டார் டிரெக்' ரசிகர்களின் பழைய கிண்டல். அதுவும் இதே கதைதானா?
– தஞ்சாவூர் வாசகர்

பாதி. 1966–69 தொடரில் எண்ணிக்கையில் அதிகம் செத்தது சிவப்புச் சட்டைகளே. ஆனால் கப்பலில் அதிகம் இருந்ததும் அவர்கள்தான். விகிதம் பார்த்தால் மஞ்சள் சட்டைக்காரர்களுக்கே ஆபத்து அதிகம் என்று கணக்குப் போட்டவர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தொடரின் கறுப்பினப் பெண் அதிகாரி உஹூரா போட்டதும் சிவப்புச் சட்டைதான். கடைசிவரை அவர் சாகவில்லை. பெயருள்ள பாத்திரமாக இருப்பதே பாதிக் கவசம்.

'தி 100' தொடரில் லெக்ஸா இறந்ததற்கு ஏன் அவ்வளவு கொந்தளிப்பு? அந்தத் தொடரில் எல்லோரும்தானே சாகிறார்கள்?
– புதுச்சேரி வாசகி

எல்லோரும் சாகிறார்கள், சரி. லெக்ஸா செத்த விதத்தைப் பாருங்கள். 2016 மார்ச் 3, மூன்றாவது சீசனின் ஏழாவது எபிசோட். தளபதி லெக்ஸாவும் நாயகி கிளார்க்கும் முதன்முறையாகக் கூடுகிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் கிளார்க்கைக் குறிவைத்த தோட்டா தவறி லெக்ஸாவின் வயிற்றில் பாய்கிறது. பன்னிரண்டு குலங்களை ஒன்றாக்கிய போர்வீராங்கனைக்குப் போரில் சாகக்கூட வாய்ப்பில்லை. இரண்டு பெண்கள் மகிழ்ச்சியாக இருந்த மறுகணம் தவறிய தோட்டா என்ற இதே அமைப்பை 2002இல் 'பஃபி'யில் டாராவுக்குச் செய்திருந்தார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே வரிசை திரும்ப வந்தபோது, பழசை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது காரணம் விளம்பரம். இந்த ஜோடியை முன்னால் நிறுத்தித்தான் இளம் பால்புதுமை (குயர்) ரசிகர்களைத் தொடரின் பக்கம் இழுத்தார்கள். எபிசோடையும் உறவையும் அவ்வளவு தூக்கிப் பிடித்தது ஏமாற்றப்பட்ட உணர்வை வளர்த்துவிட்டது என்பதை தொடரின் தலைமைப் பொறுப்பாளரான (ஷோரன்னர்) ஜேசன் ரோதன்பெர்க்கே அந்த மாதம் 24ஆம் தேதி எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் கோபத்தோடு நிற்கவில்லை. பால்புதுமை இளைஞர்களின் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ட்ரெவர் ப்ராஜெக்ட் அமைப்புக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள்.

நடிகை அலீசியா டெப்னம்-கேரிக்கு இன்னொரு தொடரில் முதன்மை ஒப்பந்தம் இருந்தது, கால்ஷீட் சிக்கல் உண்மைதான். அதற்காக ஆளைக் கொல்ல வேண்டியதில்லை. குலங்களின் தலைவி எல்லைக்குப் போனாள் என்று ஒரு வசனம் போதும்.

பலர் மறந்துவிடும் இன்னொன்று: இரண்டு எபிசோட் தள்ளி, மார்ச் 31 அன்று, கறுப்பின நடிகர் ரிக்கி விட்டில் நடித்த லிங்கன் சேற்றில் மண்டியிட்டபடி தலையில் சுடப்பட்டுச் சாகிறார். சுட்ட பைக்கும் கறுப்பினத்தவரே. லெக்ஸாவுக்கான கூச்சலில் லிங்கனுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய பேச்சு கிடைக்கவில்லை என்பது என் கட்சி.

'ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி'யில் தன்பாலீர்ப்பாளரான டாக்டர் கல்பரைக் கொன்று, பிறகு உயிர்ப்பித்தார்கள். கணக்கு நேராகிவிட்டதா?
– கொழும்பு வாசகர்

பாதிதான் நேராயிற்று. நாயகியே கறுப்பினப் பெண் என்பதால் இந்தத் தொடரில் ஒன்றாம் எண் சரியாக இருந்தது. கீழே பாருங்கள். 2017இல் இரண்டாவது எபிசோடிலேயே மிஷேல் யோவின் கேப்டன் ஜியார்ஜியூ சாகிறார். நான்காவது எபிசோடில் ரேகா சர்மா நடித்த பாதுகாப்பு அதிகாரி லேண்ட்ரி, அடங்காத மிருகத்தின் கூண்டைத் தானே திறந்து சாகிறார். பயிற்சி பெற்ற அதிகாரி செய்யும் காரியமா அது? பத்தாவது எபிசோடில், 2018 ஜனவரி 7 அன்று, கல்பரின் கழுத்து முறிக்கப்படுகிறது. ஆஷ் டைலர் உண்மையில் யார் என்ற மர்மத்தைத் திறக்கும் சாவியாக அவர் சாவு பயன்பட்டது. வேறொருவர் கதைக்கு எரிபொருள்.

'இது முடிவல்ல' என்று தயாரிப்புத் தரப்பு அன்றே சொன்னது. 2019 பிப்ரவரி 14 அன்று, இரண்டாவது சீசனின் ஐந்தாவது எபிசோடில் பூஞ்சை வலைக்குள்ளிருந்து அவரை மீட்டார்கள். இடையில் பதிமூன்று மாதம். அதற்குள் தொடரை விட்டுப் போனவர்களுக்கு மீட்பு தெரியாது, சாவு மட்டும் நினைவிருக்கும். உயிர்ப்பிக்கும் வித்தையின் பெரிய ஓட்டை இதுதான்.

உயிர் திரும்பியதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கல்பராக நடித்து, முதல் சீசனில் அவ்வப்போது வருபவராக இருந்த வில்சன் குரூஸ், இரண்டாவது சீசனில் முதன்மை நடிகர் ஆனார். எண் மேலே ஏறியது. அதன் பிறகு அவர் சாகவில்லை.

'ஹீரோஸ்' தொடரில் நம் சென்னை விஞ்ஞானி மொஹிந்தர் சுரேஷ் தப்பித்தாரே?
– சென்னை வாசகர்

தப்பித்தார். கதையைக் குரல் கொடுத்து நடத்துபவரே அவர்தான், அவரைக் கொன்றால் யார் பேசுவது? அதே தொடரின் கறுப்பினப் பாத்திரம் டி.எல். ஹாக்கின்ஸைப் பாருங்கள். முதல் சீசனின் முடிவில் வில்லனிடம் குண்டடிபட்டும் பிழைக்கிறார். 2007 நவம்பரில், நான்கு மாதம் முன்பு நடந்ததாகக் காட்டும் எபிசோடில், கேளிக்கை விடுதியில் யாரோ ஒருவன் சுட்டுச் செத்ததாகக் கதையை முடித்தார்கள். வில்லனும் இல்லை, காரணமும் இல்லை. பிளாஷ்பேக்கில் ஒருவரைக் கொல்வது, வீட்டைக் காலிசெய்து சாமானை வாசலில் வைப்பது மாதிரி.

நடிகர் விலகினால் என்ன செய்ய முடியும்? சாவுதானே எளிது?
– ஈரோடு வாசகர்

எளிதுதான். 'லாஸ்ட்' ஏகோவின் நடிகர் தானே விலக விரும்பினார், கொன்றார்கள். 'தி எக்ஸ்பான்ஸ்' ஐந்தாவது சீசனில் விமானி அலெக்ஸ் கமாலின் நடிகர் தொடரமாட்டார் என்றானதும், கடும் முடுக்கத்தில் மூளை நரம்பு வெடித்து அவர் இறந்ததாக 2021 பிப்ரவரி எபிசோடில் முடித்தார்கள். மூலக் கதையில் அலெக்ஸ் பிழைத்திருப்பார், அந்தச் சாவு வேறொருவருடையது. ஆனாலும் பெரிய முணுமுணுப்பு எழவில்லை. முடுக்கம் ஆளைக் கொல்லும் என்று முதல் சீசனிலிருந்தே காட்டிவந்தார்கள். நவோமி, பாபி, அவசரலா, டிரம்மர் என்று வெள்ளையர் அல்லாத பலர் மேல் எண்களில் மிஞ்சியிருந்தார்கள்.

'டாக்டர் ஹூ' வேறு வழியைப் பிடித்தது. 2017இல், கறுப்பினத் தன்பாலீர்ப்பாளரான துணைநாயகி பில் பாட்ஸின் மார்பில் துளை போட்டு, இயந்திர மனிதியாக்கி, அடுத்த வாரமே அவள் காதலி வந்து மீட்டு விண்வெளிக்கு அழைத்துப் போவதாக முடித்தார்கள். துன்பம் கொஞ்சம் ஓவர். ஆனால் வெளியேற்றம் நடந்தது, பிணம் விழவில்லை.

நாங்கள் யூடியூபுக்கு எட்டு எபிசோட் விண்வெளித் தொடர் எழுதுகிறோம். ஆறு முக்கியப் பாத்திரங்கள். ஒரு திருநங்கை பொறியாளர் ஆறாவது எபிசோடில் இறக்க வேண்டும், கதைக்கு அது தேவை. எப்படித் தவறாமல் எழுதுவது?
– கோவை வாசகர்

முதலில் ஒரு சோதனை. அந்தச் சாவை ஆறு பேரில் வேறொருவருக்கு மாற்றி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கதை அப்படியே ஓடினால், 'தேவை' என்று நீங்கள் சொல்வது பழக்கம்தான். மாற்றிவிடுங்கள்.

மாற்ற முடியவில்லை என்றால், ஒருவரை இருவராக்குங்கள். எட்டு எபிசோடுக்கும் வருகிற இன்னொரு திருநங்கைப் பாத்திரம், வசனத்தோடு, வேலையோடு. ஒருவர் மட்டும் இருந்தால் அவர் சாவு அந்தச் சமூகம் முழுவதையும் கதையிலிருந்து துடைத்துவிடும்.

பொறியாளரின் வாழ்க்கையை இரண்டாவது, மூன்றாவது எபிசோடிலேயே காட்டுங்கள். 'டிஸ்கவரி' இரண்டாவது சீசனில் ஏரியம் பாத்திரத்துக்குச் செய்ததைச் செய்யாதீர்கள். அதுவரை பின்னணியில் நின்றவருக்கு ஒன்பதாவது எபிசோடில் திடீரென்று கணவன், கடற்கரை, நினைவுகள் எல்லாம் வந்தன. அந்த எபிசோடிலேயே செத்தார். பிளாஷ்பேக் தொடங்கியதுமே பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார்.

சாவு அவர் எடுத்த முடிவிலிருந்து வரட்டும். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வின் கப்பல் அதிகாரி கேட்டா, தானே நடத்திய கலகத்துக்காக 2009இல் சுட்டுக்கொல்லப்படுகிறார். ஒப்புக்கொண்டாலும் மறுத்தாலும் அது அவருடைய சாவு. அங்கே நடந்த பிழை வேறு: அவருக்கு ஆண் காதலர் உண்டு என்பதை இணையத்தில் வந்த பத்துக் குறும்பகுதிகளில்தான் சொன்னார்கள். தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவருக்கு அது தெரியவே தெரியாது.

மகிழ்ச்சிக் காட்சியும் சாவும் ஒரே எபிசோடில் வேண்டாம். ஏழாவது, எட்டாவது எபிசோடுகளில் அவர் இல்லாததால் எதுவாவது பழுதாக வேண்டும். அவர் பார்த்துக்கொண்ட இயந்திரம் நிற்கட்டும், வேறொருவர் அவர் குறிப்பேட்டைப் பார்த்துத் தடுமாறட்டும். டிரெய்லரில் அவரை முன்னிறுத்தி விற்காதீர்கள்.

திருநங்கைகள் சிலரிடம் கதையைக் காட்டிக் கருத்துக் கேட்பது என்றால், கதைச் சுருக்கம் மட்டும் இருக்கும்போதே கேளுங்கள், கேட்டதற்குச் சம்பளமும் கொடுங்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகு கேட்டால் எடிட்டிங் மேசையில் நறுக்கத்தான் முடியும். யார் கொன்றார், ஏன் கொன்றார் என்பதை அங்கே மாற்ற முடியாது. முதல் இரண்டு எண்களில் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லையே? அதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.