கணினி கேள்வி-பதில்: 4790கே-யா, 5820கே-யா?

கேள்வி: பழைய கணினி இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் இன்டெல் கோர் ஐ7-4790கே ப்ராசஸர், 16 ஜிபி டிடிஆர்3 ராம். மற்றதில் ஐ7-5820கே, 16 ஜிபி டிடிஆர்4. முதலாவது 4 கோர், 4 கிகாஹெர்ட்ஸ். இரண்டாவது 6 கோர், ஆனால் 3.3 கிகாஹெர்ட்ஸ்தான். வீடியோ எடிட்டிங் பாதி, கேம் பாதி. எதை எடுப்பது?

பதில்: இந்த இரண்டையும் ஒப்பிடுவது மற்ற ஜோடிகளை ஒப்பிடுவதைவிடச் சுலபம். இரண்டுமே 2014-இல் வந்தவை. இரண்டுக்குள்ளும் இருப்பது இன்டெலின் ஹாஸ்வெல் வடிவமைப்பில் வந்த ஒரே 22 நானோமீட்டர் கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் அலகு). ஒரே வேகத்தில் ஓடவிட்டால் இதன் ஒரு கோரும் அதன் ஒரு கோரும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்யும். ஆகவே பெருக்கல் கணக்குப் போட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எல்லா கோரும் வேலையில் இருக்கும்போது 4790கே 4.2-இல் ஓடும், 5820கே 3.4-இல் ஓடும். 4 × 4.2 = 16.8, 6 × 3.4 = 20.4. மொத்த உழைப்பில் 5820கே சுமார் 21 சதவீதம் முன்னால். ஒரே ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது 4.4-க்கு எதிராக 3.6, அங்கே 4790கே சுமார் 22 சதவீதம் முன்னால். ஏறக்குறைய ஒரே அளவு இடைவெளிதான், திசைதான் வேறு. உங்கள் வேலை எத்தனை கோரை நிரப்புகிறது என்பதுதான் முடிவைச் சொல்லும்.

மென்பொருள் மூலம் வீடியோ எக்ஸ்போர்ட், முப்பரிமாண ரெண்டரிங், பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்வது ஆகியவை ஆறு கோரையும் நிரப்பிவிடும். பழைய கேம்களும், டைம்லைனில் கிளிப்பை இழுத்து வெட்டும் வேலையும் ஒன்றிரண்டு கோரோடு நின்றுவிடும். 4790கே-யின் நான்கு கோரும் கோருக்கு இரண்டாக எட்டு த்ரெட்டை (வேலை இழையை) ஒரே நேரத்தில் ஓட்டும்; புதிய பெரிய கேம்கள் அந்த எட்டையும் தின்றுவிடுவதால், 4790கே-யில் சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகத் தெரிந்தாலும் நடுநடுவே திக்கும். கண்ணுக்கு உறுத்துவது அந்தத் திக்கல்தான்.

ஓவர்கிளாக் செய்தால், அதாவது நிறுவனம் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டினால், கணக்கு மாறுகிறது. நல்ல கூலர் போட்டால் 4790கே 4.6 வரை வரும்; 4.2-இலிருந்து அது பெரிய தாவல் இல்லை. 5820கே-யோ 3.4-இலிருந்து 4.2, 4.3 வரை பெரும்பாலும் ஏறிவிடும். 4 × 4.6 = 18.4, 6 × 4.3 = 25.8. இடைவெளி 40 சதவீதம் ஆகிறது, தனிக் கோர் வேகத்தில் இருந்த குறையும் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. உங்கள் வேலைக்கு 5820கே-யைத்தான் சொல்வோம்.

ஆனால் வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். 5820கே-யில் உள் கிராபிக்ஸ் கிடையாது; கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. 4790கே-யில் எச்டி 4600 இருக்கிறது, கார்டு பழுதானால் அன்றைய வேலையாவது நிற்காது, ஹெச்.264 எக்ஸ்போர்ட்டையும் குயிக் சிங்க் என்ற உள் வீடியோ வசதி வழியாக அதுவே வேகமாக முடிக்கும். இரண்டாவது, 5820கே பெட்டியோடு கூலர் வருவதில்லை. அது 140 வாட், 4790கே 88 வாட். ஓவர்கிளாக் செய்தால் இரண்டுமே அதைத் தாண்டும். இரட்டைக் கோபுர ஹீட்சிங்க் அல்லது 240 மில்லிமீட்டர் நீர்க் கூலர் இருக்க வேண்டும். மூன்றாவது, மதர்போர்டு. ப்ராசஸர் கெடுவது அபூர்வம். பத்து வருட போர்டு கெடுவது சாதாரணம். இரண்டில் எந்த போர்டு சுத்தமாக, எல்லா ராம் ஸ்லாட்டும் யூஎஸ்பியும் ஒழுங்காக வேலை செய்யும் நிலையில் இருக்கிறதோ, அந்த செட்டுக்குக் கூடுதல் மதிப்பெண் போடுங்கள்.

டிடிஆர்4 நான்கு சேனலில், அதாவது ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே நான்கு பாதையில், 2133 வேகத்தில் விநாடிக்கு 68 ஜிபி தரும். டிடிஆர்3-1600 இரண்டு சேனலில் 25.6 தரும். எண் பெரிது, பலன் சிறிது. கோப்புகளை ஜிப் செய்யும்போது தெரியும், கேமில் அநேகமாகத் தெரியாது. அதற்காக மட்டும் 5820கே-யை எடுக்காதீர்கள்.

கேள்வி: 5820கே, எக்ஸ்99 போர்டு. நான்கு 4 ஜிபி ராம் போட்டிருக்கிறேன், 12 ஜிபிதான் காட்டுகிறது. ராமை மாற்றியும் அதே கதை.

பதில்: எக்ஸ்99 போர்டுகளில் அடிக்கடி வரும் பழுது இது. பெரும்பாலும் குற்றவாளி ராம் இல்லை, ப்ராசஸர் அமரும் சாக்கெட். ராமுக்கான இணைப்பும் அதன் பின்கள் வழியாகத்தான் போகிறது.

முதலில் காணாமல் போன ராமையும் வேலை செய்யும் ராம் ஒன்றையும் இடம் மாற்றுங்கள். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) அதே ஸ்லாட் காலியாகக் காட்டினால் ராம் நல்லது. மேனுவலில் நான்கு ராமுக்கு எந்த ஸ்லாட் என்று குறித்திருப்பதையும் பாருங்கள். நான்கையும் ப்ராசஸரின் ஒரே பக்கத்தில் செருகினால் அளவு சரியாகக் காட்டும், ஆனால் இரண்டு சேனல்தான் ஓடும்.

அடுத்து மின்சாரத்தைத் துண்டித்து, கூலர் திருகு நான்கையும் தளர்த்தி, குறுக்கு மூலைகளாக அரைச் சுற்று அரைச் சுற்றாக மீண்டும் இறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ப்ராசஸர் ஒரு பக்கம் அழுந்தி, எதிர்ப்பக்கத் தொடர்பு விட்டுப் போகும். பலருக்கு இதோடு சரியாகிவிடும்.

ஆகாவிட்டால் ப்ராசஸரைக் கழற்ற வேண்டியதுதான். இந்த சாக்கெட்டில் நெம்புகோல் இரண்டு. அவற்றில் குறித்திருக்கும் வரிசைப்படி திறங்கள், மூடும்போது அந்த வரிசையைத் திருப்பிச் செய்யுங்கள். ப்ராசஸரின் அடிப்பக்கத் தங்கப் புள்ளிகளில் தெர்மல் பேஸ்ட் ஒட்டியிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, இழை உதிராத துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு சாக்கெட்டைப் பாருங்கள். நேர் மேலிருந்து பார்த்தால் 2011 பின்னும் ஒன்றுபோலவே தெரியும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து நான்கு பக்கத்திலிருந்தும் பாருங்கள்: பின் நுனிகள் கோடு கோடாக மின்னும். எந்தப் புள்ளி கோட்டை விட்டு விலகி மின்னுகிறதோ, அதுதான் வளைந்த பின். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொண்டு, மெல்லிய தையல் ஊசியால் அண்டைப் பின்னின் சாய்வுக்கு வரும்வரை மெதுவாகத் தள்ளுங்கள். ஒருமுறை நிமிர்த்தலாம், முன்னும் பின்னும் வளைத்தால் உடைந்துவிடும். சாக்கெட்டைத் துணியால் துடைக்கவே கூடாது, ஓர் இழை சிக்கினால் பத்துப் பின் போகும்.

நான்கு ராமும் தெரிந்த பிறகு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு முழு இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் வேலை முடியவில்லை என்று பொருள்.

அதோடு, ராமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் பயாஸ் அமைப்பான எக்ஸ்எம்பி பற்றி ஒரு வார்த்தை. டிடிஆர்4-3000 ராமுக்கு எக்ஸ்எம்பி போட்டால் பல எக்ஸ்99 போர்டுகள் பேஸ் கிளாக்கை (மற்ற வேகங்களுக்கு அடிப்படையான துடிப்பை) 100 மெகாஹெர்ட்ஸிலிருந்து 125-க்கு மாற்றிவிடும். ப்ராசஸர் வேகமும் கூடவே நகரும். 2666-இல் வைத்தால் 100-லேயே ஓடும், தொல்லை இல்லை.

கேள்வி: 4790கே-க்குப் புதுப் பேஸ்ட் போட்டும் பிரைம்95 என்ற சுமைச் சோதனை ஓடினால் 95 டிகிரி தாண்டுகிறது. கூலர் சரியில்லையா?

பதில்: கூலரைக் குறை சொல்லுமுன் பயாஸைத் திறங்கள். பல போர்டுகள் எல்லா கோரையும் 4.4-க்குத் தாமாகவே ஏற்றி, வோல்டேஜையும் தேவைக்கு மேல் தருகின்றன. ‘மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்’ என்பது போன்ற அமைப்பை அணையுங்கள். வோல்டேஜ் ‘அடாப்டிவ்’ முறையில் இருந்தால், ஏவிஎக்ஸ்2 என்ற கனமான கணக்குக் கட்டளைகள் வரும்போது ப்ராசஸர் இன்னும் சுமார் 0.1 வோல்ட் கூட்டிக்கொள்ளும். பிரைம்95-இன் 28-ஆம் பதிப்பு முதல் அந்தக் கட்டளைகளால்தான் வறுத்தெடுக்கிறது. அன்றாட வேலை எதுவும் அந்த அளவு சூட்டைக் கிளப்பாது. வீடியோ எக்ஸ்போர்ட் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். 80-க்குள் இருந்தால் கவலை வேண்டாம்.

குறைக்க நினைத்தால் வோல்டேஜ் ஆஃப்செட்டை மைனஸ் 0.05-இல் தொடங்கி, 0.01 வீதம் இறக்குங்கள். நீலத்திரையில் 0x124 அல்லது 0x101 வந்தால் அளவுக்கு மேல் இறக்கிவிட்டீர்கள், 0.02 திரும்ப ஏற்றுங்கள். நீலத்திரை வராமலே ஈவென்ட் வியூவரில் வீயா (WHEA) என்ற வன்பொருள் பிழை எச்சரிக்கை பதிவானாலும் அதே மருந்துதான்.

அடிப்படைக் காரணம் உள்ளே இருக்கிறது. 4790கே-யில் சிலிக்கானுக்கும் உலோக மூடிக்கும் நடுவே இருப்பது பேஸ்ட். 5820கே-யில் பற்றவைத்திருக்கிறார்கள், சூடு எளிதாக வெளியேறும். மூடியைக் கழற்றி உள் பேஸ்ட்டை மாற்றுபவர்கள் உண்டு. பலன் நிச்சயம், ஆபத்தும் நிச்சயம். 5820கே-யில் அதை முயலவே கூடாது, பற்றவைப்பு சிலிக்கானையும் சேர்த்துப் பிய்த்துவிடும்.

கேள்வி: 4790கே. ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் கணினி அணைந்துவிடுகிறது.

பதில்: பவர் சப்ளை பழையதா? ஹாஸ்வெல் உறங்கும்போது 12 வோல்ட் லைனில் 0.05 ஆம்பியர் வரை குறைத்து இழுக்கும். பழைய சப்ளைகள் சில அவ்வளவு சிறிய சுமையைத் தாங்காமல் அணைந்துவிடும். பயாஸில் சி6, சி7 என்ற ஆழ்ந்த உறக்க நிலைகளை ‘டிஸேபிள்’ செய்யுங்கள். சரியானால் காரணம் அதுதான். வசதிப்படும்போது சப்ளையை மாற்றுங்கள். போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியும் இந்த வயதில் தீர்ந்திருக்கும். பயாஸ் அமைப்பு அடிக்கடி மறந்துபோனால் முதலில் அதை மாற்றுங்கள்.

கேள்வி: 4790கே-யின் இசட்97 போர்டில் என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டேன். பெட்டியில் விநாடிக்கு 3500 எம்பி என்று இருக்கிறது, 800-தான் வருகிறது.

பதில்: எஸ்எஸ்டி நல்லதுதான், வாசல்தான் சிறிது. இசட்97-இன் எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0, இரண்டு லேன் (தரவு போகும் பாதை). விநாடிக்கு 1 ஜிபிதான் அதன் உச்சம், நடைமுறையில் 800 எம்பி. எம்.2-ஐ பிசிஐ கார்டாக மாற்றும் அடாப்டர் வாங்கி, ப்ராசஸரோடு நேரடியாக இணைந்த இரண்டாவது நீள ஸ்லாட்டில் செருகினால் முழு வேகம் வரும். அப்போது கிராபிக்ஸ் கார்டு 16 லேனிலிருந்து 8-க்கு இறங்கும், பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வேகத்தில் அந்த இழப்பு பெரும்பாலான கார்டுகளில் சிறியது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி 4 லேன் மட்டுமே உள்ள கார்டுகள் இந்தப் பழைய போர்டுகளில் வேகம் இழப்பது வேறு விஷயம், அவற்றைத் தவிருங்கள். 5820கே-யில் 28 லேன் இருப்பதால் 16 கார்டுக்கும் 4 எஸ்எஸ்டிக்கும் நெருக்கடியில்லாமல் கிடைக்கும்.

கேள்வி: 5820கே-க்கு மேல் எதற்கு மாறலாம்? விண்டோஸ் 11 ஓடுமா?

பதில்: போர்டின் பயாஸ் பட்டியலில் இருந்தால் இன்டெல் ஜியான் இ5-1660 வி3 ப்ராசஸரைப் போடலாம்: 8 கோர், 40 லேன், வேகப் பெருக்கியும் பூட்டப்படாதது, அதாவது ஓவர்கிளாக் செய்யலாம். முதலில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, பிறகு ப்ராசஸரை மாற்றுங்கள்.

ஒருசில 7-ஆம் தலைமுறை ப்ராசஸர்களைத் தவிர, விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக இன்டெல் 8-ஆம் தலைமுறை முதல்தான். இரண்டு ப்ராசஸரும் பட்டியலுக்கு வெளியே. விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இவற்றை இணையத்தில் வைத்து நாளும் வேலை செய்பவர்கள் லினக்ஸுக்கு மாறுவதே நல்லது. இரண்டு ப்ராசஸரும் அங்கே முழு ஆதரவோடு ஓடுகின்றன.