வெப்பக் கடற்கரைக்குப் பனிப்புயல் வருமா? கேள்விகளும் பதில்களும்

வானிலை முன்கணிப்பு என் தொழில். குளிர்காலத்திலும் கதகதப்பாகவே இருக்கும் கடலோரம் ஒன்றில் இன்னும் ஐந்து நாட்களில் பனிப்புயல் வீசக்கூடும் என்று கணினி மாதிரிகள் காட்டத் தொடங்கியதிலிருந்து கேள்விகள் குவிகின்றன. என் துறைக்குள் அடங்குபவற்றுக்கு விரிவாகவும், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறேன்.

கேள்வி: பனியே காணாத கடற்கரையில் பனிப்புயல் வீசுவது உண்மையிலேயே நடக்கக்கூடியதா?

நடக்கக்கூடியதுதான், நடந்தும் இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் வீசிய புயலில் நியூ ஆர்லியன்ஸில் சுமார் 20 சென்டிமீட்டரும், புளோரிடாவின் மில்டனில் சுமார் 25 சென்டிமீட்டரும் பனி பெய்தது. அதற்கு முன் புளோரிடா மாநிலத்தின் உச்ச அளவாக 1954 முதல் இருந்துவந்தது 10 சென்டிமீட்டர்தான். லூசியானாவின் லேக் சார்ல்ஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடும் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்ததும் அப்போதுதான். 2004 கிறிஸ்துமஸின்போது டெக்சாஸின் தென்கோடியிலுள்ள பிரௌன்ஸ்வில் நகரம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு தரையில் தங்கிய பனியைக் கண்டது.

இது அரிதாக இருப்பதற்குக் காரணம் குளிர் வராதது அன்று. குளிரும் ஈரமும் ஒரே நேரத்தில் வராததுதான். கண்டத்தின் உட்பகுதியிலிருந்து இறங்கும் துருவக் காற்று கனமானது, வறண்டது. அது கடற்கரையை அடையும்போது அங்கிருந்த ஈரக்காற்றைக் கடலுக்குள் தள்ளிவிடுவதால் வானம் தெளிந்து, வெறும் குளிர் மட்டுமே மிஞ்சுகிறது. சில நாட்கள் கழித்து ஈரம் திரும்பும்போது கடல் வெப்பத்தையும் உடன் கொண்டுவருவதால் மழைதான் பெய்கிறது. குளிர்காற்று கரையில் நிலைத்திருக்கும்போதே, கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலின் மேல் ஒரு தாழ்வழுத்தம் நகர்ந்து சென்று, அதன் ஈரம் குளிர்காற்றின் முதுகின்மேல் ஏறிவந்தால் மட்டுமே பனி பெய்யும். இந்த இரண்டும் ஒருநாள் முன்பின்னாக வந்தாலும் ஒன்றும் நடக்காது.

கேள்வி: எங்கள் ஊரில் எத்தனை சென்டிமீட்டர் பெய்யும்?

ஐந்து நாட்களுக்கு முன்னால் இதற்கு எண் சொல்பவரை நம்ப வேண்டாம். புயலுக்கு வித்திடும் மேல்வளிக் குழப்பம் (உயர்வானக் காற்றோட்டத்தில் எழும் அலைவு) இப்போது எங்கோ தொலைவில் உள்ள பெருங்கடலின் மேல் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் அதைப் பார்க்கின்றன என்றாலும், பலூன் மூலம் நேரடியாக அளக்கும் நிலையங்கள் நிலத்தில்தான் நெருக்கமாக உள்ளன. அது நிலத்தின் மேல் வந்த பிறகே அதன் வலிமை சரியாகப் பதிவாகும். தாழ்வழுத்தத்தின் பாதை நூறு கிலோமீட்டர் வடக்கே விலகினால் உங்களுக்கு மழை. அதே அளவு தெற்கே விலகினால் ஒரு துளியும் இல்லை.

அதனால்தான் ஒரே மாதிரியைத் தொடக்க நிலையில் சிறுசிறு மாற்றங்களுடன் பல முறை ஓட்டிப் பார்க்கிறோம். ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் கணினி மாதிரியில் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட விடைகள் கிடைக்கின்றன. அவற்றில் மிக அதிகப் பனியைக் காட்டும் ஒரு படத்தை மட்டும் எடுத்துப் பரப்புவது பொறுப்பற்ற செயல். எத்தனை விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதையே பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழைநீர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பனியாகும் என்பது பொதுவான கணக்கு. வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியிருந்தால் அதில் பாதிகூடத் தேறாமல் போகலாம்.

கேள்வி: கைப்பேசிச் செயலி பத்தாம் நாளுக்குப் பனிச்சின்னம் காட்டுகிறதே?

அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: மின்சாரம் போய்விட்டால் வீட்டுக்குள் ஜெனரேட்டரை ஓட்டலாமா? கரி அடுப்பு மூட்டலாமா?

இரண்டையும் செய்யவே கூடாது. எல்லாக் கேள்விகளையும் விட இதற்கான பதிலை நீங்கள் மனத்தில் நிறுத்த வேண்டும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலைவலியும் குமட்டலும் வரும். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய கடுங்குளிரில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. அந்த மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்ட 246 மரணங்களில் பெரும்பாலானவை உடல்வெப்பம் குன்றியதால் நேர்ந்தவை என்றாலும், குளிருக்கு அஞ்சி வீட்டுக்குள் நெருப்பு மூட்டியும் மூடிய கொட்டகைக்குள் கார் என்ஜினை ஓட்டியும் நச்சுக்காற்றால் இறந்தவர்களும் அவற்றுள் அடங்குவர். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, கதவு, சன்னல்களிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

கேள்வி: கடல்நீர் 16 டிகிரியில் இருக்கிறது. அந்த வெப்பம் பனியைக் கரைத்துவிடாதா? கடற்கரையில் பனி என்பது எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றவில்லை.

கடல் தன் மேலுள்ள காற்றைத்தான் சூடாக்கும். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்போது, உங்கள் தலைக்கு மேலுள்ள காற்று இன்னும் கடலைத் தொடவே இல்லை. ஆகவே தரையருகே வடக்குக் குளிரும், அதற்கு மேலே கடலிலிருந்து எழுந்த ஈரமும் ஒரே இடத்தில் இருக்க முடியும்.

அதே அன்பர்: கரையோர வெப்பமானி 3 டிகிரி காட்டும் என்றுதான் எல்லா முன்கணிப்புகளும் சொல்கின்றன. 3 டிகிரியில் பெய்வது மழைதானே?

வெப்பமானியை மட்டும் பார்ப்பதால் எழும் ஐயம் இது. பலருக்கும் இருக்கும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பனிநிலை என்பது காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாக ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை. காற்று 3 டிகிரியிலும் பனிநிலை மைனஸ் 10 டிகிரியிலும் இருந்தால், அந்தக் காற்று மிகவும் வறண்டது. மேலிருந்து விழும் முதல் துளிகள் தரையை அடையாமல் ஆவியாகிவிடும். ஒரு கிராம் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஏழு கிராமுக்கும் அதிகமான பனிக்கட்டியை உருக்கப் போதுமானது. அந்த வெப்பம் முழுவதும் சுற்றியுள்ள காற்றிலிருந்தே உறிஞ்சப்படுகிறது. இப்படி ஈரம் நிறையும் வரை குளிர்ந்துகொண்டே போனால் நீங்கள் சொல்லும் 3 டிகிரிக் காற்று ஏறத்தாழ மைனஸ் 1 டிகிரிக்கு இறங்கிவிடும். மண்பானை நீரைக் குளிரவைக்கும் அதே செயல்தான் இங்கே ஒரு மாவட்டத்தின் அளவில் நடக்கிறது. எனவே நான் முதலில் பார்ப்பது வெப்பநிலையை அல்ல, பனிநிலையை.

வேறொரு அன்பர்: நானும் அவர் பக்கமே. தரை குளிர்ந்தாலும் மேலே சூடான அடுக்கு இருக்குமே?

இது வலுவான வாதம்; என் கவலையும் இதுதான். கடலிலிருந்து எழும் காற்று தரையிலிருந்து ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் உயரத்தில் பூச்சியத்துக்கு மேற்பட்ட ஓர் அடுக்கை உண்டாக்கிவிடலாம். பனிச்செதில்கள் அதனுள் விழுந்து உருகுகின்றன. அதற்குக் கீழேயுள்ள குளிரடுக்கு தடிமனாக இருந்தால் துளிகள் மீண்டும் உறைந்து சிறு பனிமணிகளாக விழும். குளிரடுக்கு மெல்லியதாக இருந்தால் அவை நீராகவே தரையைத் தொட்டு, தொட்ட கணத்தில் உறைந்துவிடும். இந்த உறைமழையைத்தான் நான் பனியை விட அதிகம் அஞ்சுகிறேன். பனி உதிர்ந்துவிடும், உறைமழையோ மின்கம்பியையும் மரக்கிளையையும் சுற்றிக் கண்ணாடி உறைபோலப் படிந்து, எடை ஏற ஏற அவற்றை முறிக்கிறது. மேலே ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது வேறொரு புயலாகிவிடும்.

முதல் அன்பர்: அப்படியானால் கடற்கரையில் மழைதான் என்று நான் சொன்னதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

இல்லை. காற்று கிழக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ கடலைத் தாண்டி வந்தால் நீங்கள் சொல்வது சரி. வடக்கிலிருந்து வீசினால் சரியன்று. 2025 ஜனவரியில் கரையோர மணலிலேயே பனி குவிந்ததற்குக் காரணம் நிலத்துக்காற்று கடைசிவரை விடாமல் வீசியதுதான். மழையா பனியா என்பதைக் கடல்நீரின் வெப்பத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. இதே வாதத்தை எடுத்துக்கொண்டு இன்னும் சிலர் எழுதியுள்ளனர். அவர்களுக்கும் என் விடை இதுவே. மற்றவர்களின் கேள்விகள் காத்திருப்பதால் இதை இத்துடன் நிறுத்துகிறேன்.

கேள்வி: சரியாக எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: தண்ணீர்க் குழாய்கள் வெடிக்கும் என்கிறார்கள். எப்படிக் காப்பது?

வெப்பப் பகுதிகளில் குழாய்களை வெளிச்சுவரிலும் பரணிலும் திறந்தபடியே விட்டுக் கட்டுவதால், அங்கே இந்த ஆபத்து குளிர்நாடுகளைவிடக் கூடுதலாக இருக்கிறது. நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. குழாய்க்குள் உருவாகும் பனிக்கட்டி அடைப்புக்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே சிக்கிய நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், உறையாத இடத்தில்கூடக் குழாயைப் பிளந்துவிடுகிறது. அடைப்புக்கு அப்பால் மிக தொலைவான குழாய்வாயை மெல்லியதாக ஒழுகவிடுவது அந்த அழுத்தத்தை வெளியேற்றும். திறந்த குழாய்களுக்கு நுரை உறையோ, கிடைக்காவிட்டால் பழைய துணியும் அதன்மேல் நெகிழித்தாளுமோ சுற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய கழுவுதொட்டிகளின் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். வெப்பநிலை மைனஸ் 6, 7 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் நின்றாலே உறையில்லாத குழாய்கள் ஆபத்துக்குள்ளாகும்.

வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்பதையும், அது திருகினால் திரும்புகிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள். குழாய் வெடித்தது அப்போது தெரியாது. பனி உருகும் நாளில்தான் வீடு நனையும்.

கேள்வி: என்னிடம் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி இருக்கிறது. பனியைப் பார்க்கப் போகலாமா?

போக வேண்டாம். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. கீழிருந்தும் குளிர்காற்று படுவதால் பாலங்கள் சாலைக்கு முன்பே உறைந்துவிடும். 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் பெய்தது சுமார் 6 சென்டிமீட்டர் பனிதான். அலுவலகங்களும் பள்ளிகளும் நண்பகலில் ஒரே நேரத்தில் விடப்பட்டதால் சாலைகள் அடைபட்டு, ஆயிரக்கணக்கானோர் இரவு முழுவதும் வண்டிகளிலும், மாணவர்கள் பள்ளிகளிலும் தங்க நேர்ந்தது. பனி தொடங்கும் முன்பே வீட்டில் இருக்க வேண்டும். தொடங்கிய பின் கிளம்பக் கூடாது.

கேள்வி: வாசற்படியில் சமையல் உப்பைத் தூவலாமா?

தூவலாம். ஆனால் மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே அதனால் பெரிய பயன் இல்லை. வழுக்காமல் இருக்க மணலே போதும். வெந்நீர் ஊற்றாதீர்கள், அதுவும் உறைந்துவிடும்.

கேள்வி: கூரை தாங்குமா?

20 சென்டிமீட்டர் புதுப்பனி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோ எடை இருக்கும். உங்கள் கூரை அதைத் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: முன்வாசல் தாழ்வாரத்தில், சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெனரேட்டரை ஓட்டினால் பரவாயில்லையா?

கூடாது. திறந்த சன்னல் வழியாகத்தான் அந்தப் புகை உள்ளே வரும். ஆறு மீட்டர் என்று நான் சொன்னது தாழ்வாரத்துக்கும் பொருந்தும். தயவுசெய்து இதை அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: உலகம் வெப்பமாகிறது என்கிறீர்கள், பிறகு எப்படிப் பனி?

உலகச் சராசரி உயர்வதும் ஓரிடத்தில் ஒரு வாரம் குளிர்வதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. துருவப் பகுதி வேகமாகச் சூடாவதால் இத்தகைய குளிர் இறக்கங்கள் கூடுகின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை. அந்த விவாதத்தை இங்கே தொடங்க நான் விரும்பவில்லை.

கேள்வி: கரையில் கடலாமைகள் அசையாமல் ஒதுங்கினால் என்ன செய்வது?

நீரின் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆமைகள் நீந்தும் வலுவிழந்து மிதக்கும். இறந்துவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். கடலுக்குள் திருப்பித் தள்ளவும் வேண்டாம். வனவிலங்குத் துறையிடம் தெரிவியுங்கள். 2021 இல் டெக்சாஸின் சவுத் பாட்ரே தீவில் ஆயிரக்கணக்கான ஆமைகளைத் தன்னார்வலர்கள் மாநாட்டு அரங்கத்துக்குக் கொண்டுவந்து காத்தனர்.

கேள்வி: எத்தனை சென்டிமீட்டர், பள்ளி விடுமுறை உண்டா?

முதல் பகுதிக்கு இருமுறை பதில் சொல்லிவிட்டேன். விடுமுறையைப் பள்ளிதான் அறிவிக்கும்.

கேள்வி: பனி நின்றதும் ஆபத்து நீங்கிவிடுமா?

இல்லை, பெரும்பாலும் அதற்கடுத்த இரவுதான் மிகக் குளிரானது. வானம் தெளிந்துவிடுவதால் தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறுகிறது. பகலில் பனியின் வெண்மை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் தரை சேமிக்கும் வெப்பமும் குறைவு. 2025 இல் லூசியானாவின் லாஃபயெட் நகரம் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே இறங்கியது பனி நின்ற பிறகுதான். பகலில் உருகிய நீர் மாலையில் சாலையின் நிறத்திலேயே உறைந்து, கண்ணுக்குத் தெரியாத வழுக்குப் படலமாகிவிடும். ஆகவே காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறி நிலைக்கும் வரை குழாய்களை ஒழுகவிட்டபடியே வைத்திருங்கள். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் நண்பகலுக்குப் பிறகு கிளம்பி, வெயில் இறங்கும் முன் திரும்பிவிடுங்கள்.