வாரன்டி முடிந்ததும் திரையில் கோடுகள்: குளச்சல் நண்பருக்குப் பதில்

வாரன்டி முடிந்த மறுமாதமே உங்கள் லேப்டாப் திரையின் வலப்பக்கத்தில் செங்குத்துக் கோடுகள் தோன்றியதாகவும், நாகர்கோவில் சர்வீஸ் சென்டரில் முழுத் திரையையும் மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன் பழுது எங்கே என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

எச்டிஎம்ஐ கேபிள் மூலம் வீட்டு டிவியில் இணைத்துப் பாருங்கள்; அங்கும் கோடுகள் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் பகுதியில்தான். டிவியில் படம் தெளிவாக இருந்தால், மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். அசைவுக்கேற்பக் கோடுகள் மறைந்து மறைந்து தோன்றினால், கீல் வழியாகச் செல்லும் மெல்லிய டிஸ்பிளே கேபிளையோ அதன் கனெக்டரையோ சந்தேகிக்கலாம். அதற்கு ஆகும் செலவு புதிய திரைப் பேனலின் விலையைவிட மிகக் குறைவு. கடலோரத்தில் இருக்கிறீர்கள் என்பதால், உப்புக்காற்றில் கனெக்டரின் ஊசிகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அசைத்தும் கோடுகள் மாறாமல் நின்றால் பேனல்தான் பழுதாகியிருக்க வேண்டும்.

அப்போதும் உடனே விட்டுக்கொடுக்க வேண்டாம். வாரன்டி முடிந்துவிட்டது என்பதாலேயே உற்பத்திக் குறைபாட்டைப் பற்றிக் கேட்கும் உரிமை போய்விடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ரசீது, சீரியல் எண், கோடுகளின் படம் ஆகியவற்றுடன் தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பலனில்லாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணமில்லை. அதற்கு முன்பாக, திரையில் அடிபட்ட தடயம் எதுவும் இல்லை என்று சர்வீஸ் சென்டரிலிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.