சியாட்டிலில் சீஹாக்ஸ், மரினர்ஸ்: எந்த அணிக்கு பிளேஆஃப் வாய்ப்பு அதிகம்? புதிதாக வந்தவர் எதைப் பின்தொடரலாம்?

நேரடிப் பதில்தான் வேண்டுமென்றால், 2025இல் அமெரிக்க ஃபுட்பால் அணியான சீஹாக்ஸ். பேஸ்பால் அணியான மரினர்ஸின் 2025 சீசன் அக்டோபர் 20, திங்கள் இரவோடு முடிந்துவிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அன்றைக்கு அவர்கள் லீக் இறுதித் தொடரில் டொராண்டோவுக்கே போய் முதல் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்திருந்தார்கள்.

நீங்கள் வேலைக்காக வந்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆபீஸில் வெள்ளிக்கிழமையானால் எல்லோரும் நீலமும் பச்சையுமாக 12 (சீஹாக்ஸ் ரசிகர்கள்தான் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் என்று அர்த்தம்) என்று எழுதிய ஜெர்ஸி போட்டுக்கொண்டு வருவார்கள், மதிய சாப்பாட்டில் அதே பேச்சு, உங்களுக்கு ஒன்றும் புரியாது. நானும் 2003இல் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அமெரிக்க ஃபுட்பாலில் 32 அணிகள், ஆளுக்கு 17 ஆட்டம், 14 அணிகள் பிளேஆஃப் போகும். பேஸ்பாலில் 30 அணிகள், ஆளுக்கு 162 ஆட்டம், 12 அணிகள் போகும். நம் ஐபிஎல்லில் பத்துக்கு நாலு. ஆக, உள்ளே நுழையும் வாய்ப்பு மேலோட்டமாகப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஃபுட்பாலில் எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. நியூயார்க் அணி என்பதற்காக அள்ளிக் கொடுத்து ஆள் பிடிக்க முடியாது. பேஸ்பாலில் அந்த வரம்பு கிடையாது, பணக்கார அணி கூடுதல் வரியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொண்டே போகலாம்.

நான் வந்த 2003இலிருந்து 2024 சீசன் வரை சீஹாக்ஸ் 15 தடவை பிளேஆஃப் போயிருக்கிறார்கள். மரினர்ஸ் 2025ஐயும் சேர்த்து 2 தடவை. கேள்விக்கான பதில் இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது, இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எனக்கு நிறுத்த மனசு வரவில்லை.

ஏனென்றால் மரினர்ஸின் அந்த இரண்டு தடவைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். 2001இல் இதே மரினர்ஸ் 116 ஆட்டங்கள் ஜெயித்தார்கள். 1906இல் சிகாகோ கப்ஸ் செய்த சாதனைக்குச் சமம். இச்சிரோ ஜப்பானிலிருந்து வந்த முதல் வருடம் அது. அப்புறம் 20 வருடம் ஒன்றுமே இல்லை. வட அமெரிக்காவின் நான்கு பெரிய விளையாட்டுகளிலும் அவ்வளவு நீண்ட வறட்சி வேறு எந்த அணிக்கும் அப்போது இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, வீடு வாங்கி, மகன் பிறந்து அவனுக்கு ஒன்பது வயதாகும் வரை இந்த அணி பிளேஆஃப் பக்கமே போகவில்லை. 2022 செப்டம்பர் 30 அன்று ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸின் முடிவில் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) கால் ராலே (Cal Raleigh) அடித்த ஹோம் ரன்னில்தான் (நம் சிக்ஸர் மாதிரி) அது உடைந்தது. அன்று ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பிக் காட்டினேன். மனைவி திட்டினாள். அப்போதும் எழுப்பியது சரிதான் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான்.

அதற்கடுத்த மாதம் 15ஆம் தேதி, சனிக்கிழமை, 21 வருடத்துக்குப் பிறகு இங்கே நடந்த முதல் பிளேஆஃப் ஆட்டத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். எதிரணி ஹூஸ்டன். ஏற்கெனவே இரண்டு ஆட்டம் தோற்றாயிற்று, இதிலும் தோற்றால் வீட்டுக்கு. காட்டுத்தீப் புகை ஊர் முழுக்கச் சூழ்ந்திருந்த அக்டோபர் அது. மதியம் ஒரு மணிக்குத் தொடங்கினார்கள். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் யாரும் ஒரு ரன் எடுக்கவில்லை. சமனானால் யாராவது முந்தும் வரை ஆட்டம் தொடரும். பன்னிரண்டு ஆயிற்று, பதினைந்து ஆயிற்று, அப்போதும் பூஜ்யம். கடை கடையாகச் சாப்பாடு தீர்ந்துகொண்டு வந்தது. மகன் என் மடியில் தலை வைப்பான், சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான், திரும்பப் படுப்பான். பதினெட்டாவது இன்னிங்ஸில் ஹூஸ்டனின் ஜெரமி பேன்யா ஒரு ஹோம் ரன் அடித்தார். 1-0. ஆறு மணி 22 நிமிடம் ஓடிய ஆட்டம். நாற்பத்தேழாயிரம் பேர் இருந்த இடத்தில் பக்கத்து ரயில் பாதையில் போன வண்டியின் ஹாரன் தனியாகக் கேட்டது. யாரும் உடனே கிளம்பவில்லை. நின்று கை தட்டினார்கள். தோற்ற அணிக்கு அப்படிக் கை தட்டி நான் பார்த்ததில்லை. மகன், "அடுத்த வருஷம் வரலாமாப்பா?" என்று கேட்டான்.

அடுத்த வருடம் 88 வெற்றி, ஒரே ஒரு ஆட்டத்தில் பிளேஆஃப் கைநழுவிப் போயிற்று. அதற்கடுத்த வருடம் 85, அப்போதும் ஒரே ஒரு ஆட்டம். 162இல் ஒன்று! ஜூன் மாதம் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை விட்ட கேட்ச் செப்டம்பரில் வந்து நிற்கும். 'அத்தனை ஆட்டத்தில் ஒன்றிரண்டு தோற்றால் என்ன' என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

ஃபுட்பால் ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சீஹாக்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2014 பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று அடித்து சூப்பர் பவுல் (ஃபுட்பாலின் இறுதிப் போட்டி) வாங்கியபோது நானும் வீதியில் நின்று கத்தினேன். அடுத்த வருடம் கோல் கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில், பந்தோடு ஓடும் மார்ஷான் லின்ச் கையில் பந்தைக் கொடுக்காமல் எறிந்து, இடைமறிக்கப்பட்டுத் தோற்றதும் இன்னும் வலிக்கிறது. ஆனால் சீஹாக்ஸ் தோற்றால், அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ திரும்ப வருவார்கள் என்று தெரியும். அந்த நம்பிக்கையை அவர்கள் சம்பாதித்திருக்கிறார்கள். மரினர்ஸ் விஷயத்தில் அது கிடையாது. 1977இல் தொடங்கிய அணி 2025 வரை உலகத் தொடரில் (பேஸ்பாலின் இறுதித் தொடர்) ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 30 அணிகளில் அப்படி இருந்தது இது ஒன்றுதான்.

2014 என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வெற்றி ஊர்வலம் பிப்ரவரி 5, புதன்கிழமை. ஊரே தெருவில் நின்றது, என் டீமில் நிரந்தர ஊழியர்கள் அத்தனை பேரும் போனார்கள், மேனேஜரும் போனார். நான் அப்போது ஒரு கன்சல்டன்ஸி மூலம் வேலை பார்த்தவன். நானும் போனேன். கன்சல்டன்ஸிக்காரர்கள் அந்த ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்ததுமில்லாமல், 'விசாவில் இருப்பவர் இப்படிச் செய்யலாமா' என்று ஃபோனில் கேட்டார்கள். வேலை எதுவும் நிற்கவில்லை, அன்று ஆபீஸில் ஆளே இல்லை. இத்தனை வருடம் ஆகிவிட்டது, அந்தக் குரல் மறக்கவில்லை. நீங்களும் கன்சல்டன்ஸி வழியாக வந்தவர் என்றால், விடுப்பு விஷயத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 2025 அக்டோபர் 20 திங்களுக்கு வருகிறேன். அன்று இரண்டு அணிக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம். டொராண்டோவில் மரினர்ஸுக்கு ஏழாவது ஆட்டம், ஜெயித்தால் உலகத் தொடர். இங்கே லூமென் ஃபீல்டில் சீஹாக்ஸுக்கு ஹூஸ்டன் டெக்ஸன்ஸ். கூட வேலை பார்ப்பவர் இரண்டு டிக்கெட் கொடுத்திருந்தார், மகனோடு போயிருந்தேன். சுற்றிலும் எல்லார் கையிலும் ஃபோன், எல்லா ஃபோனிலும் பேஸ்பால். எங்கள் ஹூலியோ ரோட்ரிகஸ் ஒரு ஹோம் ரன், ராலே ஒரு ஹோம் ரன், 3-1 என்று முன்னால் இருக்கிறோம். இன்னும் எட்டு அவுட் எடுத்தால் போதும். ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் தளத்தில் நிற்க, டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடது பக்கச் சுவருக்கு மேல் போயிற்று. மூன்று ரன், டொராண்டோ 4-3. அதுவே கடைசி ஸ்கோர். மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு ஜாக்கெட்டின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டான். சீஹாக்ஸ் 27-19 என்று ஜெயித்தார்கள், எங்களைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள், நாங்களும் எழுந்து நின்றோம். எங்களால் அவ்வளவுதான் முடிந்தது.

ஸ்பிரிங்கர் அடித்த அந்த இடத்தில், இறுதிக்கட்டப் பந்து வீச்சாளர் மூன்யோஸை ஏன் பந்து வீச அழைக்கவில்லை என்று மரினர்ஸ் பயிற்சியாளர் டேன் வில்சனை எல்லோரும் திட்டினார்கள். எனக்கும் அழைத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் 1995இல் இந்த ஊருக்கு பேஸ்பாலையே காப்பாற்றிக் கொடுத்த அணியின் கேட்சர் அவர். அவருக்கு வலிக்காது என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இனி வாய்ப்பு. 2025 அக்டோபர் 20 ஆட்டத்தோடு சீஹாக்ஸ் 5-2, அதாவது ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி. ஆனால் அவர்கள் பிரிவிலேயே, அதாவது அவர்கள் இருக்கும் நாலு அணிக் குழுவிலேயே, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் சான் ஃபிரான்சிஸ்கோவும் அதே 5-2. 2024இல் ராம்ஸும் இவர்களும் ஆளுக்கு 10-7, ராம்ஸ் பிளேஆஃப் போனார்கள், இவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அதனால் உறுதி என்று அப்போது சொல்லவில்லை. ஆனால் பயிற்சியாளர் மைக் மெக்டொனால்டின் தடுப்பாட்டம் நன்றாக இருந்தது, சாம் டார்னால்ட் எறிய ஸ்மித்-ஞ்ஜிக்பா பிடிப்பதைப் பார்த்தபோது போவார்கள் என்றே நினைத்தேன். ஃபுட்பால் பிளேஆஃபில் ஒவ்வொரு சுற்றும் ஒரே ஆட்டம்தான், தோற்றால் வெளியே.

2025இல் மரினர்ஸ் 90 வெற்றியோடு 2001க்குப் பிறகு முதல் முறையாகத் தங்கள் பிரிவை வென்றார்கள். கேட்சராக இருந்துகொண்டு ராலே 60 ஹோம் ரன், இதற்கு முன் எந்தக் கேட்சரும் செய்யாதது. பந்தை அடிப்பதில் வல்ல நெய்லர், சுவாரெஸ் இருவரின் ஒப்பந்தமும் அந்த சீசனோடு முடிந்தது, அவர்களில் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். பந்து வீச்சாளர்கள் கிர்பி, கில்பர்ட், வூ மூவரும் அடுத்த வருடத்துக்கும் அணியில் இருந்தார்கள். 2026இல் பிளேஆஃப் போகும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பது அப்போது என் கணிப்பு. கண்மூடித்தனமான ரசிகன் என்று யாராவது எழுதினால் எழுதட்டும், பந்து வீச்சாளர்களைப் பார்த்துத்தான் சொன்னேன்.

எதைப் பின்தொடர்வது என்று கேட்டீர்கள். குளிர்காலத்துக்கு சீஹாக்ஸை டிவியில் பாருங்கள், டிக்கெட் விலை கட்டுப்படியாகாது. ஏப்ரலில் ஏதாவது ஒரு வார நாள் மாலை, லைட் ரயிலில் ஸ்டேடியம் நிறுத்தத்தில் இறங்கி நடந்து வாருங்கள். பேஸ்பாலுக்கு மேல் தளத்தில் டிக்கெட் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஏழாவது இன்னிங்ஸுக்கு மேல் கடல் காற்று குளிரும். நானும் மகனும் முதல் வாரமே அங்கே இருப்போம்.