குரோனோஸுக்கு மூன்று, சீயஸுக்கு நான்கு ஏன்?

கேள்வி: கிரேக்கத் தெய்வங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மாயச் சதுரம் உண்டு என்றும், குரோனோஸுக்கு 3×3 கட்டம், சீயஸுக்கு 4×4 கட்டம் என்றும் படித்தேன். பண்டைக் கிரேக்கர்களே இப்படி வகுத்தார்களா?

பதில்: இல்லை. மாயச் சதுரம் என்பது எந்த நிரையை, நிரலை, மூலைவிட்டத்தைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் எண் கட்டம். பழங்கிரேக்கக் கவிஞர்களான ஹோமரிலும் ஹெசியோடிலும் அது கிடையாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரத்துத் தியோன், 1 முதல் 9 வரையான எண்களைச் சதுரமாக எழுதி நடுவிலுள்ள 5இன் சிறப்பை விளக்கினார். ஆனால் எண்களை வரிசை மாறாமல் அடுக்கியதால் 1, 4, 7 உள்ள பக்கத்தில் 12தான் வரும், 3×3 மாயச் சதுரத்துக்கு வேண்டிய 15 வராது. கிரேக்க மொழியில் மாயச் சதுரம் அமைக்கும் முறையை எழுதிய மானுவேல் மோஸ்கோபூலோஸ், 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் பைசாந்திய அறிஞர். அவருடைய அக்கறை கணக்கில்தான் இருந்தது.

தெய்வங்களையும் சதுரங்களையும் சேர்த்துவைத்தவை கோள்கள். சனிக்கோளைக் குரோனோஸின் விண்மீன் என்றும் வியாழனைச் சீயஸின் விண்மீன் என்றும் கிரேக்கர்கள் அழைத்தார்கள். அரபு உலகில் கோள்களோடு இணைக்கப்பட்ட சதுரங்கள் பின்னர் ஐரோப்பாவுக்கு வந்தன. மந்திரக்கலை பற்றி எழுதிய ஜெர்மானியர் அக்ரிப்பாவின், 1533இல் அச்சான நூலில் ஏழு கோள்களுக்கும் ஏழு சதுரங்கள் இருக்கின்றன. பூமியை நடுவில் வைத்த பழைய வானியலில் மிகத் தொலைவிலிருந்த சனிக்கு 3, அடுத்த வியாழனுக்கு 4 என்று இறங்கி, ஏரீஸின் செவ்வாய்க்கு 5, சூரியனுக்கு 6, அஃப்ரோடைட்டியின் வெள்ளிக்கு 7, ஹெர்மீஸின் புதனுக்கு 8, நிலவுக்கு 9 என முடிகிறது. ஆகவே இந்த எண்களைத் தந்தது புராணமன்று, கோள்களின் அடுக்குதான்.

ஆயினும் ஓரிடத்தில் புராணமே சதுரத்துக்குள் வந்துவிடுகிறது என்பேன். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514இல் செதுக்கிய ‘மெலன்கோலியா’ என்ற படத்தில், சிறகுள்ள பெண்ணொருத்தி கன்னத்தில் கை வைத்துச் சோர்ந்து அமர்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னே சுவரில், மணிக்குக் கீழே, ஒரு 4×4 சதுரம். மனச்சோர்வு சனியின் ஆளுகையால் வருவது என்றும் வியாழனே அதற்கு மாற்று என்றும் அக்காலத்தார் நம்பினர். தன் பிள்ளைகளை விழுங்கிய தந்தை குரோனோஸை, அவர்களைக் கக்கவைத்து வென்ற சீயஸின் சதுரத்தைச் சோர்வுக்கு மருந்தாகவே டியூரர் அங்கே வைத்தார் என்று கலை வரலாற்றாசிரியர் பலர் கொள்கின்றனர். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அதை நீங்களே எழுதிப் பாருங்கள்: 16, 3, 2, 13, அதன்கீழ் 5, 10, 11, 8, அடுத்து 9, 6, 7, 12, கடைசியில் 4, 15, 14, 1. நிரை, நிரல், மூலைவிட்டம், நான்கு மூலைகள், நடுவிலுள்ள நான்கு கட்டங்கள் என எப்படிக் கூட்டினாலும் 34. கடைசி நிரையின் நடுவில் அருகருகே நிற்கும் 15, 14 என்பவை படம் செதுக்கிய ஆண்டு.