பின்னேரத்தில் இறங்கும் இமை

கேள்வி: வயது 26, உப்புவெளி. நாலு மாதமாக இடது கண் சின்னதாகத் தெரிகிறது, இமை மடிப்புகள் ஒரே மாதிரி இல்லை. கத்தி வைக்காமல் நூல் போட்டு இரட்டை இமை செய்யும் கொரியச் சிகிச்சையை ஆவணியில் கலியாணத்துக்கு முன் செய்யலாமா? வலிக்குமா, தழும்பு விழுமா? இணையத்தில் முகவாதம் என்று போட்டிருக்கிறது, பயமாக இருக்கிறது. காலையில் பரவாயில்லை, பின்னேரம்தான் மோசம். பார்மசியில் வாங்கிய துளி மருந்து மூன்று கிழமையாக விடுகிறேன்.

பதில்: முகவாதம் இல்லை, பிள்ளை. அதில் கண்ணை மூடத்தான் முடியாமல் போகும். இரவு பன்னிரண்டு மணிக்குப் போனில் நோய் தேடுவதை நிறுத்துங்கள்.

போகிற போக்கில் 'பின்னேரம்தான் மோசம்' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முழுக் கடிதமும்.

இமையைத் தூக்கும் தசையின் நார்கள் தோலில் ஒட்டுவதால்தான் இரட்டை இமை என்கிற அந்த மடிப்பு விழுகிறது. கிழக்காசியர் பலருக்கு அது பிறவியிலேயே இல்லை. நூல் தையல் அந்த ஒட்டைத்தான் உண்டாக்குகிறது. 1896இல் ஜப்பானிய வைத்தியர் மிகாமோ முதலில் எழுதிவைத்ததும், ஒரு கண்ணில் மட்டும் மடிப்பில்லாத பெண்ணுக்குப் போட்ட தையலைப் பற்றித்தான். உங்கள் கதை வேறு. இமையே இறங்குகிறது. களைத்த தசையை அந்த நூல் தூக்காது. வலி, தழும்பு இரண்டும் அதில் சொற்பம்தான், ஆனால் இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

காலையில் நன்றாக இருந்து பொழுதுபட இறங்கும் இமை என்றால் முதலில் மயஸ்தீனியா கிராவிஸ் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மறிக்கிற நோய் அது. பலருக்குக் கண்ணில்தான் தொடங்கும், மருந்துக்கும் கேட்கும். கடிதத்தை வைத்து அதுதான் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒரே யன்னலடியில் நின்று, எழும்பியதும் ஒரு படம், பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு படம் எடுங்கள். அடையாள அட்டைப் படத்தையும் சேர்த்துக்கொண்டு இந்தக் கிழமையே பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போங்கள். ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்வார்கள், இமை மெல்ல மெல்ல வழுகும். மூடிய கண்ணில் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து எடுத்தால், இந்த நோயில் அதே இமை ஏறி நிற்கும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அது புதினம்தான். பிறகு இரத்தப் பரிசோதனை.

இரட்டையாகத் தெரிந்தாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு கண்மணி பெரிதாகி தலையிடித்தாலோ கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் அந்தத் துளி மருந்து. யார் எழுதித் தந்தது? ஸ்டீரொயிட் கலந்ததென்றால் கண்ணின் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். போத்தலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், அழுத்தத்தையும் அளந்துவிடுவார்கள்.